வகுப்பறையில் முதல் ஆண்டு: புதிய உதவிப் பேராசிரியருக்கான வழிகாட்டி

பள்ளி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் பி.எட். போன்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு வேண்டும். கல்லூரி ஆசிரியருக்கு அப்படி எதுவும் கிடையாது. நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ பி.எச்டி. பட்டமோ கையில் இருந்தால் திங்கட்கிழமை பணியில் சேரலாம், செவ்வாய்க்கிழமை அறுபது பேர் முன்னால் நிற்கலாம். கற்பிக்கக் கற்றுக்கொள்வது அதற்குப் பிறகுதான், அதுவும் பெரும்பாலும் தானாகவே.

இதில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று, பணி உயர்வுக் கோப்புக்கான பயிற்சிச் சான்றிதழ்கள். மற்றொன்று, வகுப்பறையில் உண்மையாகவே வரும் முன்னேற்றம். பலர் முதல் கணக்கை முடித்தால் இரண்டாவதும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சான்றிதழுக்கு நான்கைந்து ஆண்டு அவகாசம் உண்டு. வகுப்பறைப் பழக்கங்கள் முதல் இரண்டு மூன்று செமஸ்டரிலேயே கெட்டிப்பட்டுவிடும். அதனால் வகுப்பறையிலிருந்து தொடங்குவோம். கீழே உள்ளவை தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதியவை. பொறியியல் கல்லூரிக்குப் பயிற்சி விதி மாறுபடுவதைக் கடைசிப் பகுதியில் குறித்திருக்கிறோம்.

டைம்டேபிள் போடும் முன்பே பேசுங்கள்

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். ஒரு பாடத்தை முதல் முறை நடத்தும்போது ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம் தயாரிப்பு வேண்டியிருக்கும். 16 மணிக்கு 40 மணி என்றாகிறது. இதற்கு மேல் விடைத்தாள், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான வேலை, அட்மிஷன் டூட்டி எல்லாம் வரும். யாராலும் முடியாது. அதனால் தயாரிப்புதான் முதலில் அடிவாங்கும். பழைய நோட்ஸைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மணி நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். ஆனால் ஒரே பாடத்தை இரண்டு பிரிவுக்குக் கேட்டால் தர வாய்ப்பு உண்டு. ஐந்து மணி நேரப் பாடம் ஒன்று இப்படிக் கிடைத்தாலே வாரத் தயாரிப்பில் 12 மணி நேரம் மிச்சம். இன்னொரு லாபமும் இருக்கிறது: ‘ஏ’ பிரிவில் சொதப்பியதை ‘பி’ பிரிவில் அதே வாரம் திருத்திப் பார்க்கலாம். துறைத்தலைவரிடம் இதைப் பாடப் பங்கீட்டுக் கூட்டத்துக்கு முன்பே கேளுங்கள். டைம்டேபிள் ஒட்டிய பிறகு கேட்டால் அது கோரிக்கை அல்ல, குறை சொல்வதாகிவிடும்.

அடுத்தது பாடத் திட்டமிடல். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், ஆறு நாள் டே ஆர்டர் (கிழமைப்படி அல்லாமல் ஆறு நாள் சுற்றாக வரும் டைம்டேபிள்) என்றால் 15 சுற்று. சுற்றுக்கு ஐந்து மணி என்றால் காகிதத்தில் 75 மணி. இன்டர்னல் தேர்வுகள், கலைவிழா, விளையாட்டு விழா, நவம்பர் மழை விடுமுறை, பண்டிகைக்கு முந்தைய நாள் பாதி வகுப்பு ஊருக்குப் போய்விடுவது எல்லாவற்றையும் கழித்தால் கையில் நிற்பது 60. ஐந்து யூனிட்டுக்குத் தலா 11, மீதி ஐந்து மணி திருப்புதலுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். 75-ஐ நம்பித் திட்டமிட்டவர்தான் கடைசி வாரத்தில் ஐந்தாம் யூனிட்டை ஸ்பெஷல் கிளாஸ் வைத்து ஓட்டுவார். பெரும்பாலான பாடங்களில் கடினமான யூனிட் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

லெசன் பிளானில் ‘தேவை நெகிழ்ச்சியை மாணவர் புரிந்துகொள்வார்’ (பொருளியலில், விலை மாறும்போது விற்பனை எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) என்று எழுதுவது வழக்கம். இதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. புரிந்ததா என்பதை எதை வைத்துப் பார்ப்பீர்கள்? ‘விலையும் விற்பனையும் மாறிய விவரத்தைக் கொடுத்தால் நெகிழ்ச்சி எண்ணைக் கணக்கிட்டு, விலையேற்றம் வருவாயைக் கூட்டுமா குறைக்குமா என்று சொல்வார்’ என்று எழுதினால், வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வியும் இன்டர்னல் வினாவும் அந்த வரியிலேயே கிடைத்துவிடும். பாடத்தின் முடிவில் மாணவருக்கு என்ன வர வேண்டும் என்று காட்டும் கோர்ஸ் அவுட்கம் மேப்பிங் அட்டவணையை எப்படியும் நிரப்பச் சொல்வார்கள். இந்த வரிகள் ஒழுங்காக இருந்தால் அந்த அட்டவணை அரை மணி நேர வேலை.

ஐம்பது நிமிடம்

முதல் ஐந்து நிமிடம், போன வகுப்பிலிருந்து இரண்டு கேள்வி. நோட்டை மூடிவிட்டு, ஒரு துண்டுத் தாளில் விடை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம். படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதுவது மறுபடி வாசிப்பதைவிட நெடுநாள் நினைவில் நிற்கும் என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. வருகைப் பதிவை இந்த நேரத்திலேயே ஓசையில்லாமல் எடுத்துவிடலாம். அறுபது பேரின் எண்ணைக் கூப்பிட்டு ‘பிரசன்ட்’ கேட்பதில் நான்கு நிமிடம் போகிறது.

பிறகு பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிட விளக்கம். நிறுத்துங்கள். ஒரு கேள்வி. மறுபடி விளக்கம். கடைசி மூன்று நிமிடம், இன்று குழப்பமாக இருந்த ஒன்றை ஒரு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த எலும்புக்கூடு எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். எல்லாம் நடுவில் வரும் அந்தக் கேள்வியைப் பொறுத்தது.

‘புரிஞ்சுதா?’ என்பது கேள்வி அல்ல. அதற்கு ‘யெஸ் சார்’, ‘யெஸ் மேம்’ என்று கோரஸாக ஒரு பதில்தான் வரும், முன் பெஞ்சிலிருந்து. உருப்படியான கேள்வி இப்படி இருக்கும்: டீ விலையைக் கடைக்காரர் 10 ரூபாயிலிருந்து 12 ரூபாயாக ஏற்றினார், நாள் விற்பனை 200 கோப்பையிலிருந்து 180 ஆகக் குறைந்தது. அவருடைய வருவாய் கூடியதா, குறைந்ததா, அப்படியே இருந்ததா, சொல்ல முடியாதா? நான்கு விடைகளையும் போர்டில் எழுதுங்கள். ஒரு நிமிடம் தனியாக யோசிக்கட்டும். பிறகு விடை எண்ணுக்குரிய விரல்களை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் மறுபடி விளக்க வேண்டும். 70-க்கு மேலே என்றால் ஒரு வரியில் முடித்து நகருங்கள். இடையில் இருந்தால் இரண்டு நிமிடம் பக்கத்திலிருப்பவரிடம் வாதாடச் சொல்லி, மீண்டும் விரல் காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991 முதல் வளர்த்தெடுத்த முறை இது. கருவி எதுவும் வேண்டாம், விரல் போதும். சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தனி ஒருவரிடம் கேட்கும்போது, கேள்வி முடிந்ததும் மனதுக்குள் மூன்று விநாடி எண்ணுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்பதையும், மூன்று விநாடிக்கு நீட்டினால் பதில்கள் நீளமாகவும் சிந்தனையோடும் வருகின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் பதிவு செய்தார். அந்த மூன்று விநாடி மௌனம் நிற்பவருக்கு முப்பது விநாடி போல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள், கேள்வியைக் கேட்டுவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள். முதல் வகையில் மற்ற 59 பேரும் அந்த நொடியே ஓய்வெடுத்துவிடுவார்கள்.

போர்டைப் பற்றி ஒன்றே ஒன்று: வகுப்பு தொடங்கும் முன் எழுதிப் பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். ஸ்லைடுக்கும் அதேதான்.

தமிழ் வழியில் வந்தவர்கள்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, ஆங்கில வழி இளநிலையில் சேர்ந்தவர்கள் பல கல்லூரிகளில் வகுப்பில் பாதிக்கும் மேல். புதிய ஆசிரியர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வார். முழுக்க ஆங்கிலத்தில் நடத்தினால் பாதி வகுப்பு போர்டைப் படம்போலப் பார்த்து வரைந்துகொள்ளும். முழுக்கத் தமிழில் நடத்தினால் வகுப்பு கலகலப்பாக இருக்கும், விடைத்தாள் வெறுமையாக இருக்கும். ஏனென்றால் தேர்வு ஆங்கிலத்தில்.

நடைமுறையில் கைகொடுப்பது இது. கருத்தை முதலில் தமிழில், அவர்களுக்குத் தெரிந்த கணக்கில் சொல்லுங்கள். கலைச்சொல்லை இரண்டு மொழியிலும் போர்டின் இடது ஓரத்தில் எழுதி, வகுப்பு முடியும்வரை அழிக்காமல் வையுங்கள். ‘தேவை நெகிழ்ச்சி’ என்று பிளஸ் டூவில் படித்ததுதான் இங்கே ‘எலாஸ்டிசிட்டி’ என்று வருகிறது என்பது தெரிந்ததுமே பாதிப் பயம் போய்விடும். மாணவர் தமிழில் பதில் சொல்லட்டும், ஏற்றுக்கொள்ளுங்கள். அதே பதிலைத் தேர்வில் எழுத வேண்டிய ஆங்கில வாக்கியமாக ஒன்றே ஒன்று போர்டில் எழுதி, எல்லோரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு வகுப்புக்கு மூன்று வாக்கியம் என்றால் 60 வகுப்பில் 180 வாக்கியம். ஒரு செமஸ்டர் தேர்வுக்கு இது தாராளம். அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொல்பவரை நடுவில் திருத்தாதீர்கள். ஒரு முறை வகுப்பு சிரித்துவிட்டால் அந்த மாணவர் அதற்குப் பிறகு வாய் திறக்கமாட்டார்.

ஐந்தாவது வாரத்தில் கேளுங்கள்

கல்லூரி எடுக்கும் ஃபீட்பேக் செமஸ்டர் முடிவில் வரும். அதை வைத்து இந்த வகுப்புக்கு எதுவும் செய்ய முடியாது. நீங்களே ஐந்தாவது வாரத்தில் எடுங்கள். கால் தாள், மூன்று கேள்வி: எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, எதை மாற்றலாம். பெயர் வேண்டாம். பத்து நிமிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுங்கள், ஒரு மாணவர் சேகரித்துக் கவரில் போட்டுத் தரட்டும். தாள்களை வரிசை எண்படி வாங்கினாலோ, இன்டர்னல் மார்க் போடும் வாரத்தில் கேட்டாலோ, அறுபது பேரும் ‘சூப்பர் சார்’ என்றுதான் எழுதுவார்கள்.

இரண்டு நாளுக்குள் படித்து, திரும்பத் திரும்ப வருவதை எண்ணுங்கள். அடுத்த வகுப்பில் ‘வேகமாகப் போகிறேன் என்று 22 பேர் எழுதியிருக்கிறீர்கள், இனி ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு நிமிடம் கூடுதலாகத் தருகிறேன், நோட்ஸ் டிக்டேட் செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், அதைச் செய்யமாட்டேன், காரணம் இது’ என்று சொல்லுங்கள். ஏதாவது ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். கேட்டுவிட்டு எதையும் மாற்றாவிட்டால் அடுத்த முறை வெற்றுத்தாள் வரும். ஒன்றிரண்டு தாளில் மனம் நோகும்படி எழுதியிருக்கும். யார் கையெழுத்து என்று தேடாதீர்கள்.

சக ஆசிரியர் ஒருவரை வகுப்புக்குள் அழைப்பதும் இதே அளவு பயன் தரும். ஆனால் நம் கல்லூரிகளில் வகுப்புக்குள் இன்னொருவர் வந்து உட்கார்ந்தாலே ‘இன்ஸ்பெக்ஷன்’ என்ற நினைப்பு உண்டு. அதனால் உங்கள் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடும் துறைத்தலைவரை அழைக்காதீர்கள். வேறு துறையில் மூன்று நான்கு ஆண்டு சீனியரை அழையுங்கள். முந்தைய நாள் பத்து நிமிடம் பேசி, ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: ‘கடைசி மூன்று வரிசை என்ன செய்கிறது?’ அவர் பின்னால் உட்கார்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் நேரம், ஆசிரியர் செய்தது, மாணவர் செய்தது என மூன்று பத்தியாகக் குறிக்கட்டும். மதிப்பெண்ணும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். அன்று மாலையே டீ குடிக்கும்போது பேசிவிடுங்கள். இரண்டு நாள் கழித்தால் இருவருக்கும் மறந்துவிடும். பிறகு நீங்கள் அவர் வகுப்பில் போய் உட்காருங்கள்.

யாரும் கிடைக்காவிட்டால் செல்பேசியை மேசைமேல் வைத்து உங்கள் குரலை மட்டும் பதிவு செய்யுங்கள், வகுப்பிடம் சொல்லிவிட்டு. எத்தனை முறை ‘ஓகேவா’ சொன்னீர்கள், கேள்விக்குப் பின் எத்தனை விநாடி பொறுத்தீர்கள் என்று எண்ணிவிட்டு அழித்துவிடுங்கள்.

இன்டர்னல் வினாத்தாளுக்கு விடைக்குறிப்பை முதலில் எழுதுங்கள், வினாவை ஒப்படைக்கும் முன்பே. நீங்களே எழுதிப் பார்க்க 30 நிமிடம் ஆனால் மாணவருக்கு 90 நிமிடம் வேண்டும். திருத்தும்போது ஒரு மாணவரின் தாளை முழுதாகத் திருத்தி அடுத்ததற்குப் போகாமல், எல்லோருடைய பதினொன்றாவது கேள்வியையும் முதலில் முடியுங்கள். முதல் தாளுக்கும் ஐம்பதாவது தாளுக்கும் ஒரே அளவுகோல் நிற்கும், நேரமும் குறையும். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தவறாக எழுதிய கேள்வி இருந்தால் சிக்கல் வினாவில் இருக்கும் அல்லது நீங்கள் நடத்தியதில் இருக்கும். ஒரு வாரத்துக்குள் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

மென்டார் என்ற பொறுப்பு

சேர்ந்த மாதமே இருபது இருபத்தைந்து மாணவர் பட்டியலை உங்களிடம் தந்து, ‘இவங்களுக்கு நீங்கதான் மென்டார்’ என்பார்கள், அதாவது தனி வழிகாட்டி. கூடவே ஒரு ரெகார்டு நோட்டும் வரும். நாக் குழு வரும் முந்தைய வாரம் அந்த நோட்டை ஒரே பேனாவில் இரவோடு இரவாக நிரப்புவது பல கல்லூரிகளில் சடங்கு. அதில் சேராமலிருப்பது நேர்மைக்காக மட்டுமல்ல. தேதியோடு எழுதிய குறிப்பு நாளை ஒரு மாணவருக்கு ஏதாவது நடந்தால் உங்களையும் காப்பாற்றும்.

முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொருவரையும் தனியாகப் பதினைந்து நிமிடம் பாருங்கள். கதவு திறந்திருக்கட்டும். படிவத்தை அவர் முன்னால் நிரப்ப வேண்டாம். நிரப்பினால் அது விசாரணை. எந்த ஊரிலிருந்து வருகிறார், எத்தனை மணிக்குப் பஸ் ஏறுகிறார், மாலையில் வேலைக்குப் போகிறாரா, வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவரா, கையில் அரியர் எத்தனை, உதவித்தொகை வருகிறதா. இவ்வளவு போதும். காலை 5.40 பஸ்ஸில் கிளம்பி, மாலை துணிக்கடையில் ஒன்பதரை வரை நிற்பவரிடம் ‘ஏன் தூங்குற?’ என்று கேட்டிருக்க வேண்டாமே என்று உங்களுக்கே தோன்றும். பிறகு மாதம் பத்து நிமிடம்.

வருகைப்பதிவுதான் முதல் அபாய மணி. 75 சதவீதம் கட்டாயம் என்றால் 90 நாளில் 22 நாள் வரை விடுப்புக்கு இடமுண்டு. பதினெட்டாவது நாள் விடுப்பில் கூப்பிட்டு எச்சரிப்பதால் பயனில்லை. முதல் பதினைந்து நாளில் ஐந்து நாள் வராதவரை அந்த வாரமே பாருங்கள். வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் கண்டோனேஷன் கட்டணம், தேர்வு எழுதவிடாமல் நிறுத்துவது எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பணம் சார்ந்த சிக்கலில் சின்ன உதவி பெரிய பலன் தரும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் உண்டு. வரவில்லை என்பவரிடம் முதலில் வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா, கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

பெற்றோருக்குப் போன் செய்வதில் அவசரம் வேண்டாம். மாணவரிடம் சொல்லாமல் அழைக்காதீர்கள். ‘உங்க பொண்ணு காலேஜுக்குச் சரியா வர்றதில்ல’ என்ற ஒரு வாக்கியம் சில வீடுகளில் படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சில் போய் முடியும். முதலில் மாணவியிடம் பேசுங்கள், யாரிடம் பேசலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

நீங்கள் மனநல ஆலோசகர் அல்ல. ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உன் பாதுகாப்புக்குத் தேவை என்றால் மட்டும் இன்னொருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். தூக்கமின்மை, படபடப்பு, தொடர் அழுகை என்றால் கல்லூரி ஆலோசகரிடமோ 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலோ பேச வையுங்கள், இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் அந்த நொடியிலிருந்து தனியாக விடக்கூடாது. கூட ஒருவரை உட்கார வைத்துவிட்டு முதல்வருக்குத் தகவல் சொல்லுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் நீங்கள் சமரசம் பேசக்கூடாது. உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் தர வேண்டும், எழுத உதவலாம்.

ரெகார்டு நோட்டில் தேதி, நடந்தது, அடுத்து செய்யப்போவது என்று மூன்றே வரி. ‘நடத்தை சரியில்லை’ போன்ற தீர்ப்புகளும் குடும்ப ரகசியங்களும் அதில் வேண்டாம். அந்த நோட்டை யார் யாரோ புரட்டுவார்கள்.

உங்களுக்கும் வழிகாட்டி தேவை, ஒருவர் போதாது. பாடத்துக்கு ஒருவர், கல்லூரி நடைமுறைக்கு ஒருவர். இரண்டாமவர் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை; அலுவலகக் கண்காணிப்பாளருக்குத் தெரிந்த அளவு சர்வீஸ் ரூல் எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. ‘எப்படி சார் நல்லா கிளாஸ் எடுக்கறது?’ என்று கேட்டால் பொன்மொழிதான் கிடைக்கும். ‘இந்த யூனிட்டை நீங்க எத்தனை கிளாஸ்ல முடிப்பீங்க மேடம்? எதை விட்டுடுவீங்க?’ என்று கேளுங்கள்.

சான்றிதழ்க் கணக்கு

2018 யு.ஜி.சி. விதிமுறைப்படி கல்லூரி உதவிப் பேராசிரியர் சம்பள நிலையில் லெவல் 10-லிருந்து 11-க்குப் போக, பி.எச்டி. இருந்தால் நான்கு ஆண்டு, எம்.ஃபில். இருந்தால் ஐந்து, முதுநிலைப் பட்டம் மட்டும் என்றால் ஆறு ஆண்டு பணி வேண்டும். கூடவே கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் ஓரியன்டேஷன் ஒன்றும், அதற்கு மேல் புத்தொளிப் பயிற்சி, ஆய்வு முறையியல் பயிற்சி, சான்றிதழோடு முடித்த மூக் எனும் இணையவழிப் படிப்பு போன்றவற்றில் ஒன்றும் வேண்டும். புதியவர்களுக்கான ஒரு மாத ‘குரு தக்ஷதா’ பயிற்சிக்குத்தான் முதலில் விண்ணப்பியுங்கள். இதையெல்லாம் நடத்துவது மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள்; சென்னைப் பல்கலைக்கழகம், பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராசர் ஆகியவற்றில் இருக்கின்றன. 2023-இல் வந்த பெயர் இது. அதற்கு முன் ஹெச்.ஆர்.டி.சி. (மனிதவள மேம்பாட்டு மையம்), அதற்கும் முன் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ். மூத்தவர்கள் இன்றும் ‘ஏ.எஸ்.சி. போய்ட்டு வந்தாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். பொறியியல் கல்லூரி என்றால் தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதிமுறை தனி, புதிய ஆசிரியர்களுக்கான எட்டு மாட்யூல் பயிற்சியும், சென்னை தரமணியில் உள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனமும் அங்கே முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர வெபினாரில் உட்கார்ந்து வாங்கும் இ-சான்றிதழ் நூறு சேர்ந்தாலும் இந்த 21 நாளுக்கு ஈடாகாது. அதற்குச் செலவாகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு யூனிட்டுக்கு நல்ல கேள்விகள் எழுதிவிடலாம்.

விண்ணப்பம் முதல்வர் வழியாகப் போக வேண்டும், ஓ.டி. (பயிற்சி நாளைப் பணி நாளாகக் கணக்கிடும் ‘ஆன் டூட்டி’) அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஆன்லைன் பயிற்சி என்றால் ‘கிளாஸும் எடுத்துக்கிட்டே பார்த்துக்கலாமே’ என்பார்கள். ஒத்துக்கொண்டால் இரண்டு இடத்திலும் வருகை இடிக்கும். விண்ணப்பத்தில் பெயரையும் இனிஷியலையும் பணி ஆணையில் உள்ளபடியே எழுதுங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், சான்றிதழில் முன்னால், பி.எச்டி. பட்டத்தில் அப்பா பெயர் விரிவாக என்று மூன்று விதமாக இருந்து, நான்கு ஆண்டு கழித்து அஃபிடவிட் எழுதி அலைபவர்கள் நிறைய. சான்றிதழ் வந்த அன்றே ஸ்கேன் செய்து, ஆண்டுவாரியாக ஃபோல்டரில் போட்டு, சர்வீஸ் ரிஜிஸ்டரில் பதிவும் செய்யச் சொல்லிவிடுங்கள்.

செமஸ்டர் முடிந்த வாரத்தில், ரிசல்ட்டுக்குக் காத்திராமல், ஒரு மாலை ஒதுக்குங்கள். லெசன் பிளானை எடுத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரே ‘நீண்டது’, ‘சரி’, ‘எடுபடவில்லை’ என்று சிவப்பு மையில் குறியுங்கள். எடுபட்ட கேள்விகளை மட்டும் தனித் தாளில் எழுதுங்கள். ஐந்தாவது வாரக் கால் தாள்களையும், மாணவர்கள் குழப்பம் என்று எழுதித் தந்த துண்டுகளையும் அதே கோப்பில் செருகி, மேலே பாடக் குறியீட்டை எழுதி வையுங்கள். அடுத்த ஜூனில் அதே பாடம் திரும்ப வரும்போது தயாரிப்பு அந்தக் கோப்பிலிருந்து தொடங்கட்டும்.